மாட்டுப் பொங்கலன்று வர்ணம் பூசிய பெட்டிகள்

நம் குழுவில் இந்த வருடம் புதிதாகத் தேனீப் பெட்டி எடுத்திருப்பவர்களுக்காக, பழைய ஆட்கள் ஆளுக்கு ஒரு அனுபவம் எழுதித் தர வேண்டும் என்று சொன்னார்கள். என்னைப் பழைய ஆள் என்று சொன்னது எனக்கே புதிதாக இருந்தது. ஐந்து வருடமாகப் பெட்டி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். உங்களில் பாதிப் பேர் என்னைவிட வயதில் பெரியவர்கள். மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்க இறங்கினால், நீங்கள் ஒரு நாளில் செய்யும் வேலையை நான் மூன்று நாளில் செய்வேன். ஆனாலும், இரண்டாவது குழந்தை வரப்போவதால் மாதக் கூட்டம் நடத்தும் பொறுப்பிலிருந்து விலகுகிறேன். விலகுகிறவள் ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டுமாம்.

பெட்டியை எப்படித் திறப்பது, அடையை எப்படித் தூக்குவது என்பதெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். அதை நான் எழுதப்போவதில்லை. தெரிந்த விஷயத்தையே தப்பாகச் செய்த கதையைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்னக் கதை. என் முதல் பெட்டி வந்த மாதம், அதை ஒரு நாளைக்கு நான்கு முறை திறந்து பார்த்தேன். உள்ளே எல்லாம் நன்றாக இருக்கிறதா, ராணி இருக்கிறதா, நேற்று இருந்தது இன்றும் இருக்கிறதா என்று ஒரே கவலை. மூன்றாவது வாரம் பெட்டி காலி. பயிற்சி கொடுத்த அக்காவுக்கு போன் செய்து அழுதேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "உன் வூட்டுக் கதவ ஒருத்தர் தெனம் நாலு வாட்டி தொறந்து எட்டிப் பாத்துட்டுப் போனா, நீ அந்த வூட்ல குடியிருப்பியா?" என்று கேட்டார். நம் ஊர்த் தேனீக்கு வீடு பிடிக்கவில்லை என்றால் சண்டை போடாது, குடும்பத்தோடு கிளம்பிவிடும். அதை அன்று கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதாக நினைத்தேன்.

பெரிய கதை இரண்டு வருடத்துக்கு முந்தைய பொங்கலில் நடந்தது.

எங்கள் கொல்லை கண்டமங்கலத்திலிருந்து திருவக்கரை போகும் பக்கம் இருக்கிறது. நான் பிறந்தது திண்டிவனம் டவுனில். தாவரவியல் படித்தேன், கல்யாணம் ஆகி இங்கே வந்தேன். கணவர் பாண்டிச்சேரியில் வேலைக்குப் போய் வருகிறார். விவசாயம் மாமனார் கையில். மண்ணுக்கு மருந்தும் உப்பு உரமும் போடாமல் பயிர் வைத்துப் பார்க்கலாம் என்று ஒரு வருடம் அவரிடம் கெஞ்சியிருந்தேன். ரோட்டோரத்தில் இருக்கும் ஒரு ஏக்கரை மட்டும் விட்டுக் கொடுத்தார். இரண்டு முறை பலதானியம் விதைத்து, பூக்கும் சமயத்தில் மடக்கி உழுதோம். வரப்பு முழுக்கத் துலுக்கச் சாமந்தி வைத்தேன். மண் கொஞ்சம் பொலபொலவென்று வந்ததும் மார்கழிக்கு முன்னால் தர்பூசணி ஊன்றினோம். அப்போது மாமா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"இந்த ஒரு போகம் நீ சொல்ற மாதிரி உட்டுப் பாக்கறேம்மா. காய் புடிக்கலன்னா அப்புறம் மொத்தக் கொல்லையும் என் வழிதான். அப்ப என்னை ஒண்ணும் கேக்கக் கூடாது."

தர்பூசணி வைத்தவர்களுக்குத் தெரியும். பெண் பூ காலையில் விரியும், மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். அந்தச் சில மணி நேரத்துக்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்க்கவில்லை என்றால், பூவுக்கு அடியில் இருக்கும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துவிடும். என்னிடம் ஆறு பெட்டிகள் இருந்தன. கொல்லைக்குப் பக்கத்தில் புங்க மர நிழலில் வரிசையாக வைத்திருந்தேன். பொங்கல் வந்தபோது கொடியில் ஆண் பூக்கள் விட ஆரம்பித்திருந்தன. பெண் பூ இன்னும் ஒரு வாரத்தில் வரும். எல்லாம் அந்த ஆறு பெட்டிகளை நம்பித்தான் இருந்தது.

இந்த இடத்தில் என் மாமியாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தைக்கும் தேனீக்களுக்கும் ஆகாது. முதல் வருடம் ஒன்று அவர் கண் இமையில் கொட்டிவிட்டது. மூன்று நாள் ஒரு கண்ணை மூடிக்கொண்டே சமைத்தார். அதன் பிறகு புங்க மரத்தின் பக்கமே போனதில்லை. கொல்லைக்குப் போகும்போதுகூடச் சுற்றிக்கொண்டு போவார்.

அந்த மாட்டுப் பொங்கலன்று காலை, என் கணவர் மாடுகளைக் கழுவிக் கொம்புக்கு நீல வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். டப்பாவில் கொஞ்சம் மிஞ்சியது. அத்தை அதைக் கையில் எடுத்தார். இன்னொரு கையில் மஞ்சள், குங்குமம். நேராகப் புங்க மரத்துப் பக்கம் நடந்தார். நான் எங்கள் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

"மாடு பால் குடுக்குது, அதுக்குப் பண்றோம். இதுங்க தேன் குடுக்குதுங்க. நாளைக்கு காயும் புடிச்சிக் குடுக்கப்போவுதுங்க. இதுங்களுக்கு மட்டும் ஒண்ணும் இல்லியா?" என்றார் அத்தை.

இரண்டு வருடப் பகையை அவர் தானாகவே விட்டுவிட்டு வருகிறார். அதே நொடியில் என் பயிற்சி நோட்டில் சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட வரியும் ஞாபகம் வந்தது. குடியிருக்கும் பெட்டிக்கு வர்ணம் பூசக் கூடாது. காலிப் பெட்டிக்குப் பூசி, வாடை போகும்வரை வெயிலில் வைத்து, அதன் பிறகுதான் பூச்சிகளைக் குடிவைக்க வேண்டும்.

வாயைத் திறந்தேன். "அத்தை..."

"இன்னா?"

"இல்ல, புடவைல பட்டுடப் போவுது."

அவர் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பூச ஆரம்பித்தார். பக்கவாட்டில், மேலே, பூச்சிகள் வந்து இறங்கும் வாசல் பலகையில்கூட. அவசரமே இல்லாமல், கோலம் போடுவது போலப் பூசினார். நான்கு பெட்டிகளோடு டப்பா தீர்ந்துவிட்டது. மற்ற இரண்டுக்கும் பொட்டு மட்டும் வைத்தார். பிறகு ஆறுக்கும் சாம்பிராணி காட்டினார். நான் இன்னொரு காரியமும் செய்தேன். அதைப் படம் பிடித்து நம் குழுவின் வாட்ஸ்அப்பில் போட்டேன். எத்தனை பேர் இதயம் போட்டீர்கள் என்று இப்போதும் பார்க்கலாம். பயிற்சி கொடுத்த அக்கா மட்டும் இதயம் போடவில்லை. வர்ணம் காய்ந்த பிறகுதானே பூச்சிகள் உள்ளே போயின என்று ஒரு கேள்வி கேட்டிருந்தார். நான் பதில் போடாமல் போனைக் கவிழ்த்து வைத்தேன். வாசல் பலகையின் ஈர வர்ணத்தில் நான்கைந்து தேனீக்கள் கால் ஒட்டித் தவித்ததை அதற்குள் பார்த்துவிட்டிருந்தேன். ஒன்றும் ஆகாது, காற்றடிக்கிறது, மதியத்துக்குள் காய்ந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதியம் இரண்டு மணிக்குப் பாப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. பெட்டி வைத்திருப்பவர்களுக்கு அது தெரியும், லாரி வெகு தூரத்தில் ஏற்றம் ஏறுவது போல இருக்கும். ஓடிப் போய்ப் பார்த்தபோது இரண்டு கூட்டம் புங்க மரத்துக்கு மேலே எழுந்து ஏரிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கண்ணுக்கு எட்டும்வரை பார்த்தேன், அதற்கு மேல் தெரியவில்லை. மூன்றாவது கூட்டம் ஊருக்குள் போனது. நீலப் பெட்டிகளில் ஒன்று மட்டும் எதுவுமே நடக்காதது போல வேலை பார்த்துக்கொண்டிருந்தது. அது ஏன் இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ஊருக்குள் போன கூட்டம் கோயில் முனையில் இருக்கும் வேப்ப மரத்தில், ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, ஒரு பலாப்பழம் அளவுக்குத் தொங்கியது. வேறு எந்த நாளாக இருந்தாலும் அது நல்ல சேதி. கைக்கு எட்டும் இடம், எடுத்துவிடலாம். ஆனால் அன்று மாட்டுப் பொங்கல். சாயந்திரம் ஐந்து மணிக்கு ஊர் மாடுகள் எல்லாம் அலங்காரத்தோடு மேளம், பட்டாசுடன் அந்த மரத்தடி வழியாகத்தான் ஓடி வரும். பின்னால் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் ஓடும்.

நான் போனபோது அங்கே ஒரு கூட்டம் அண்ணாந்து நின்றது. கோயில் காரியங்களை முன்னால் நின்று செய்யும் அண்ணன், பந்தம் கட்டிக் கொளுத்திக் காட்டினால் ஐந்து நிமிஷத்தில் போய்விடும் என்றார். இன்னொருவர், மருந்து அடித்துவிட்டால் தீர்ந்தது என்றார். யார் வீட்டில் டேங்க் இருக்கிறது என்று பேச்சு வந்ததும் எல்லோரும் என் மாமாவைப் பார்த்தார்கள். மருந்து அடிக்கும் டேங்க்கைக் கழுவித் தயாராகக் கொட்டகையில் கவிழ்த்து வைத்திருப்பவர் அவர்தான்.

மாமா என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. "இன்னாம்மா, குடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் என் மனதுக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் இப்படி ஒரு நிமிஷம் வரும். முதலில் தோன்றியது, உடனே ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து உலுக்கிவிடலாம் என்பது. வெயில் நேரத்தில் கை வைத்தால் பாதி பறந்துவிடும், சுற்றி நிற்கிறவர்கள் மேல் பாயும். இரண்டாவது, குடுங்க மாமா என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பது. அவர்கள் பயம் நியாயமானது. மிரண்ட மாடு ஒரு குழந்தையை மிதித்தால் யார் பதில் சொல்வது? அந்தக் குழந்தை பாப்பாவாகவும் இருக்கலாம். மூன்றாவதாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், ஊரைக் கேட்பது. மாமியாரிடம் ஒரு வார்த்தை சொல்ல முடியாத நான் ஒரு ஊரிடம் சொல்ல வேண்டும்.

"வேணாம் மாமா" என்றேன். பிறகு அந்த அண்ணனிடம் சொன்னேன். "அண்ணா, தப்பு எங்களுதுதான். வர்ண வாடைக்குத்தான் கெளம்பிடுச்சுங்க. பொழுது எறங்கினா பூச்சி பறக்காது, ஆறு மணிக்கு நான் எடுத்துடறேன். அதுவரைக்கும் இந்த மொனைல மேளம், பட்டாசு வேணாம். மாடுங்கள இன்னிக்கு மட்டும் பள்ளிக்கூடத் தெரு வழியா உட்டுடுங்க. ஆறரைக்கும் எடுக்கலன்னா நீங்க பந்தம் கொளுத்திக்கலாம், நான் குறுக்க வர மாட்டேன்."

வருஷா வருஷம் இந்த வழியாகத்தான் போகிறது, ஒரு பூச்சிக்காக மாற்ற முடியாது என்று அவர் ஆரம்பித்தார். அதற்குள் பின்னாலிருந்து அத்தையின் குரல் வந்தது.

"வர்ணம் பூசுனது நானு. கேக்கறதா இருந்தா என்னைக் கேளு. ஏண்டா, பள்ளிக்கூடத் தெருவுல இருக்கறவங்க மாடு பாக்கக் கூடாதா? அவங்க பண்ற பொங்கல் மட்டும் உப்பு இல்லாத பொங்கலா?"

பள்ளிக்கூடத் தெருப் பெண்கள் நான்கைந்து பேர் அங்கேயே நின்றிருந்தார்கள். அதுதானே, எங்கள் வாசலுக்கு ஒரு வருஷமாவது மாடு வந்திருக்கிறதா என்று அவர்கள் ஆரம்பித்தார்கள். ஒருத்தி பேச்சு முடிவதற்குள் தண்ணீர் தெளித்துக் கோலம் போடவே போய்விட்டாள். அண்ணன் தலையைச் சொறிந்தார். "செரியான பேஜாரு இது" என்று சொல்லிக்கொண்டே மேளக்காரர்களைத் திருப்பப் போனார்.

மாடுகள் பள்ளிக்கூடத் தெருவில் ஓடிக்கொண்டிருந்தபோது நாங்கள் வேப்ப மரத்தடியில் காத்திருந்தோம். வர்ணம் படாத பழைய பெட்டி ஒன்று கொட்டகையில் இருந்தது. வர்ணம் பூசாத இரண்டு பெட்டிகளில் ஒன்றிலிருந்து புழு உள்ள அடை ஒன்றை எடுத்து அதில் கட்டினேன். எடுக்கும்போதே, இருப்பதையும் கெடுக்கிறேனோ என்று சந்தேகம். ஆனால் வளர்க்க வேண்டிய குஞ்சு இருக்கும் வீட்டைத் தேனீ எளிதில் விட்டுப் போகாது. ஆறு மணிக்கு வெளிச்சம் மங்கியது. என் கணவர் ஸ்டூல் மேல் நின்று பெட்டியைக் கூட்டத்துக்கு அடியில் பிடித்தார். கிளையை ஒரே ஒரு முறை உலுக்கினேன். ஈரத் துணி விழுவது போல மொத்தமாக உள்ளே விழுந்தது. கணவர் கண்ணைத் திறக்காமலே, முடிந்ததா என்று கேட்டார். அவர் எப்போது மூடினார் என்று நான் கவனிக்கவில்லை.

ராணி உள்ளே விழுந்ததா என்பதுதான் கேள்வி. திறந்து பார்க்கக் கை துடித்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் ஏழெட்டுத் தேனீக்கள் வரிசையாக நின்று, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சிறகடித்தன. அம்மா இங்கே இருக்கிறாள், வாருங்கள் என்று மற்றவற்றைக் கூப்பிடுகிற வழக்கம் அது. கிளையில் மிச்சம் இருந்தவை ஒவ்வொன்றாக இறங்கி வந்து உள்ளே போயின. பந்தத்தோடு காத்திருந்த அண்ணன், நம்ப முடியாமல் பெட்டி அருகே குனிந்து பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று கொஞ்சம் ஏமாற்றத்தோடு போனார்.

பெட்டியைக் கணவர் தூக்கிக்கொண்டு முன்னால் போக, நானும் அத்தையும் பின்னால் நடந்தோம். பாப்பா அத்தையின் தோளில்.

"பெட்டில வர்ணம் பூசக் கூடாதுன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் அத்தை."

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்க ஆசையா வந்தீங்க. சொன்னா வருத்தப்படுவீங்கன்னு..."

பாப்பாவை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். பிறகு சொன்னார். "ஆமா, வருத்தப்படுவேன். மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு ரெண்டு நாள் இருப்பேன். மூணாம் நாள் நானே வந்து பேசப்போறேன். போன பூச்சிங்க மூணாம் நாள் வருமா?"

வரவில்லை. ஏரிப் பக்கம் போன இரண்டு தேனீக் குடும்பங்களும் போனவைதான்.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். நமக்கு யாரையும் காயப்படுத்தாமல் வேலை செய்து பழக்கம். மருமகள் என்றால் இன்னும் அதிகம். சந்தேகம் வந்தால் மனதுக்குள் பத்து முறை புரட்டுவோம், வாய்விட்டு ஒரு முறை சொல்ல மாட்டோம். சந்தேகப்படுவது என்னுடைய குறை என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். அன்று காலை என் சந்தேகம் சரியாகத்தான் இருந்தது. அதை வெளியே எடுக்காததுதான் குறை. அன்று இரவே அக்காவின் கேள்விக்குப் பதில் போட்டேன், நடந்ததை முழுதாக. அவர் திட்டவில்லை. மிச்சம் இருக்கும் நான்கு குடும்பங்களுக்கு ஒரு ஏக்கர் அதிகம், காலையில் நீங்களும் பூவுக்கு வேலை செய்யுங்கள் என்று மட்டும் எழுதினார்.

செய்தோம். பெண் பூ விரிய ஆரம்பித்ததும், தினமும் விடிந்தவுடன் கொல்லைக்குப் போய் ஆண் பூவைக் கிள்ளி, இதழைப் பிரித்து, பெண் பூவில் தொட்டுத் தொட்டு வைத்தோம். தேனீக்கள் பெட்டிப் பக்கத்து வரிசைகளைப் பார்த்துக்கொண்டன, நாங்கள் ரோட்டோர வரிசைகளை. களையெடுக்க வரும் பெண்கள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். கல்யாண புரோக்கர் வேலை இவ்வளவு இடுப்பு வலிக்கும் என்று தெரியாது என்று ஒருத்தி சொல்ல, மாப்பிள்ளை வீட்டில் ஒரு காபி கூடத் தரவில்லை என்று இன்னொருத்தி சொல்ல, அத்தை சிரித்துச் சிரித்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மாமா முதல் இரண்டு நாள் ரோட்டில் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி, ஒரு வரிசையைத் தனியாக எடுத்துக்கொண்டார். அவர் வரிசைக்கு வேறு யாரையும் விடவில்லை.

காய் பிடித்தது. எல்லா இடத்திலும் இல்லை. பெட்டிக்குப் பக்கத்தில் நன்றாக, நடுவில் சுமாராக, எங்கள் கை வேலை நடந்த ரோட்டோரத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஒருநாள் காலை மாமா வரப்பு வரப்பாக நடந்து கொடிகளை விலக்கிப் பார்த்துக்கொண்டே போனார். நான் பாப்பாவுக்குச் சோறு ஊட்டுவது போல நடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தேன். பாதிதான் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான். அவருடைய நிபந்தனைப்படி அவர் சொல்வதுதான் முடிவு.

திரும்பி வந்தார்.

"அடுத்த போகத்துக்குக் கெணத்து மேட்டுக் கொல்லையும் சேத்துக்கலாம்னு பாக்கறேன். பெட்டிங்கள எங்க வெக்கலாம்?" என்றார்.

எல்லாம் தெரிந்தவள் போல ஒரு இடத்தைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லவில்லை.

"தெரியல மாமா. ரெண்டு எடம் மனசுல இருக்குது. ரெண்டுலயும் ஒரு பயம் இருக்குது."

அவர் துண்டை உதறி வரப்பில் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பயத்தையும் சொல்லு" என்றார்.